சான் பிரான்சிஸ்கோவின் மார்ச் வாக்குச்சீட்டு: எதற்கு எதிரே எதை வைத்துப் பார்ப்பது?

அமெரிக்காவில் முதன்மைத் தேர்தல் என்றால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் அது பாதிக் கதைதான். 2024 மார்ச் 5 அன்று சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்களின் சீட்டில் அதிபர், செனட்டர் போட்டிகள் போக, இரண்டு நீதிபதிப் பதவிகளும் வாக்காளர்களே ‘ஆம்’, ‘இல்லை’ என்று நேரடியாக முடிவுசெய்யும், ஏ முதல் ஜி வரை ஏழு உள்ளூர் முன்மொழிவுகளும் இருந்தன. அங்கே நகரமும் கவுன்டியும் (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஒன்றேதான். அதனால் போலீஸ், நீதிமன்றம், உதவித்தொகை, வீடு எல்லாமே ஒரே சீட்டில் வந்து நின்றன. இவற்றை வரிசையாகப் படித்தால் தலைசுற்றும். ஒரே பிரச்சினைக்கு வேறு வேறு வழி சொல்பவற்றை ஜோடியாக வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும்.

முதலில் நீதிபதிகள். இந்த மாநிலத்தில் கவுன்டி நீதிபதியின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் அவர் பெயர் சீட்டிலேயே வராது. பெரும்பாலும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கும். இந்த முறை இருவருக்குப் போட்டி வந்தது. மைக்கேல் பெகர்ட்டை எதிர்த்து நிறுவன வழக்கறிஞரான சிப் ஸெக்கரும், பேட்ரிக் தாம்சனை எதிர்த்து நீண்டகால அரசு வழக்கறிஞரான ஜீன் மியுங்ஜின் ரோலண்டும் நின்றார்கள். ஃபென்டானில் என்ற கொடிய போதைமருந்து தெருவில் விற்கப்படுவதைப் பார்த்துப் பார்த்து மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் செசா பூடினை 2022 ஜூனிலேயே வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அப்போதும் தணியாத கோபம் நீதிபதிகள் பக்கம் திரும்பியது. ‘போதை விற்பவர்களை இவர்கள் வெளியே விடுகிறார்கள்’ என்பதுதான் குற்றச்சாட்டு.

இந்தப் போட்டியில் ஒரு பக்கத்தின் வாய் கட்டப்பட்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி நீதிபதி பொதுவெளியில் பேசக் கூடாது என்று அவர்களுக்கான நடத்தை நெறி சொல்கிறது. ‘அந்த ஆளை ஏன் விட்டீர்கள்?’ என்று எதிராளி கேட்கலாம், ஆனால் நீதிபதி காரணம் சொல்ல முடியாது. 2010-ல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸெனெகரால் நியமிக்கப்பட்ட பெகர்ட், போதைக்கு அடிமையானவர்களைச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பும் சிறப்பு நீதிமன்றத்தில் அமர்ந்தவர். அந்த வேலையை ‘எத்தனை பேரை வெளியே விட்டார்’ என்று எண்ணி மதிப்பிடுவது அநியாயம். ஸெக்கரை விடப் பெகர்ட்தான் சரியான தேர்வு என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. இரண்டாவது போட்டி அவ்வளவு சுலபமில்லை. ரோலண்டுக்குக் குற்றவியல் நீதிமன்றம் அத்துபடி. தாம்சனோ 2022-ல்தான் ஆளுநர் கவின் நியூசமால் நியமிக்கப்பட்டவர். ஆனாலும் ஒரு சில உத்தரவுகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு நீதிபதியைத் தூக்குவதற்கு என் மனம் ஒப்பவில்லை. வாக்காளர்கள் இருவரையுமே தக்கவைத்தார்கள். பெகர்ட் நல்ல வித்தியாசத்தில் வென்றார், தாம்சன் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில்.

அதே மக்கள், அதே நாளில், போலீஸுக்குக் கூடுதல் அதிகாரமும் கொடுத்தார்கள். இங்கேதான் பி, ஈ இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பி என்பது போலீஸ் ஆள்பலத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை வைப்பது. முதலில் கொண்டுவந்தவர் மேற்பார்வையாளர், அதாவது நகர சபை உறுப்பினர், மேட் டோர்சி. புதிய வரியோ மாற்றியமைத்த வரியோ வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று இன்னொரு மேற்பார்வையாளர் அஷா சஃபாயி திருத்தம் சேர்த்தார். டோர்சி தான் தொடங்கியதையே எதிர்க்கும் நிலைக்கு வந்தார். போலீஸை விரும்புபவர்களுக்கு வரி பிடிக்கவில்லை, மற்றவர்களுக்குப் போலீஸ் பிடிக்கவில்லை, பி படுதோல்வி அடைந்தது.

அப்போதைய மேயர் லண்டன் பிரீட் வைத்த ஈ பணம் கேட்கவில்லை, அதிகாரம் கேட்டது. முன்பெல்லாம் வன்முறை சார்ந்த பெருங்குற்றம் அல்லது பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து என்றால்தான் போலீஸ் காரில் துரத்தலாம். ஈ வந்த பிறகு எந்தப் பெருங்குற்றத்துக்கும், வன்முறை சார்ந்த சிறு குற்றத்துக்கும்கூட, நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும். கூடவே ட்ரோன், கண்காணிப்புக் கேமரா, பலப்பிரயோகம் பற்றிய அறிக்கைகளைக் குறைப்பது எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தன. எனக்கு உறுத்தியது இதுதான். அறிக்கை எழுதும் நேரத்தைக் குறைக்கலாம் என்று நினைப்பவர், நெரிசல் மிகுந்த தெருக்களில் கார் துரத்தலுக்கும் சேர்த்தே ‘ஆம்’ போட வேண்டியிருந்தது. சுமார் 54 சதவீதம் பெற்று அது நிறைவேறியது. தனித்தனியாகக் கேட்டிருந்தால் எல்லாமே தேறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேட்டில் ஒரு பகுதியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ‘இப்போது உள்ள நிலை’, ‘முன்மொழிவு’, ‘ஆம் என்றால்’, ‘இல்லை என்றால்’ என்று நடுநிலையான சுருக்கம் முதலில் இருக்கும். அப்புறம் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் பணம் கட்டி அச்சிடும் கட்டண வாதங்கள் பக்கம் பக்கமாக வரும். அவற்றின் அடியில் அச்சுக் கட்டணத்துக்கான பணம் உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்று போட்டிருக்கும். வெவ்வேறு பெயர்களில் வரும் நாலைந்து வாதங்களுக்கு அடியில் ஒரே அமைப்பின் பெயர் இருந்தால், அதற்குப் பிறகு நான் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதில்லை.

ஜி-யைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வேண்டும் என்ற அந்த முன்மொழிவு எவரையும் கட்டுப்படுத்தாது, வெறும் கருத்து. பள்ளி வாரியம் பிப்ரவரியிலேயே அதைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்துவிட்டது. இருந்தும் ஐந்தில் நான்கு பேர் ஆதரித்தது, அந்தப் பாடம் எட்டாம் வகுப்பிலிருந்து எடுக்கப்பட்ட 2014 முதல் பெற்றோர்கள் எவ்வளவு குமுறியிருக்கிறார்கள் என்பதைக் காட்டியது. சி, டி இரண்டும் நிறைவேறின. காலி அலுவலகங்களை வீடாக மாற்றினால் சொத்துப் பரிமாற்ற வரி தள்ளுபடி என்பது சி, அதிகாரிகள் பரிசு வாங்குவதைக் கட்டுப்படுத்துவது டி.

எனக்கு மிக முக்கியமாகப் பட்ட ஜோடி ஏ, எஃப். தெருவில் கிடக்கும் மனிதனுக்கு என்ன செய்வது என்பதுதான் இரண்டும் கேட்கும் கேள்வி. ஏ என்பது 30 கோடி டாலர் கடன் பத்திரம். அதில் 24 கோடி குறைந்த வாடகை வீடுகள் கட்ட, 3 கோடி இருப்பதைக் காப்பாற்ற, 3 கோடி குடும்ப வன்முறைக்கும் ஆள்கடத்தலுக்கும் ஆளானவர்களின் வீட்டுக்கு. எஃப், கவுன்டி உதவித்தொகை வாங்கும் தனிநபர்களில் போதைப் பழக்கம் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவர் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும், மறுத்தால் தொகை நிற்கும் என்றது. அந்தத் தொகை வீடு உள்ளவருக்கு அதிகபட்சம் மாதம் 700 டாலரைச் சற்றே தாண்டும், வீடில்லாதவருக்கு 100 டாலரை ஒட்டித்தான்.

2023-ல் அளவுக்கு மீறிய போதையால் நகரத்தில் 800 பேருக்கும் மேல் இறந்தார்கள். ‘சும்மா பணம் கொடுத்துக்கொண்டே இருப்பதா?’ என்ற கேள்வி அந்தச் சாவுகளிலிருந்து வந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 700 டாலர் பலருக்கு வாடகை. அதை நிறுத்தினால் சிகிச்சைக்கு வருவாரா, தெருவுக்குப் போவாரா? ஏ-வுக்கு ‘ஆம்’, எஃப்-க்கு ‘இல்லை’ என்பதே என் பதில்.

ஏ நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், எஃப்-க்குப் பாதி போதும். வீடு கட்டுவது கடினம், தொகையை நிறுத்துவது சுலபம் என்று சட்டமே வகுத்து வைத்திருக்கிறது. ஏ சுமார் 70 சதவீதத்துடன் தப்பித்தது, எஃப் சுமார் 58 சதவீதம் பெற்று 2025 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. தொகை நின்றவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் அறையைக் காலிசெய்தார்கள் என்று நகரம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும்.