சுரங்கக் குழியை மூடி மேய்ச்சல் நிலமாக்கித் தந்த நிறுவனம்: புழுதிக்கு நாலு நட்சத்திரம், மண்ணுக்கு இரண்டு

திறந்தவெளிச் சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தைச் சமப்படுத்தி, புல் வளர்த்து, மேய்ச்சலுக்கு ஒப்படைக்கிற ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வேலையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். நிலத்தில் ஒரு பகுதி வேலை முடிந்து கைக்கு வந்துவிட்டது, அதை ஒட்டி இன்னும் டிப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் புல், புழுதி இரண்டையும் பற்றிச் சொல்லலாம்.

புழுதியில் இவர்களைக் குறை சொல்ல அதிகமில்லை. சுரங்கப் புழுதி என்றதும் வெடி வைப்பதுதான் நினைவுக்கு வரும், ஆனால் நாள் முழுக்கக் கிளம்புவது வண்டிப் பாதையிலிருந்துதான். பல இடங்களில் டேங்கரை விட்டுத் தண்ணீர் தெளிப்பதோடு சரி. வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், அதிகமாக ஊற்றினால் சேறாகி டயரில் ஒட்டிக்கொண்டு போய் வேறிடத்தில் உதிர்ந்து மறுபடி புழுதியாகும். இவர்கள் பாதையில் மாவாக அரைபட்டுக் கிடந்த மேல்படலத்தை முதலில் சுரண்டி எடுத்தார்கள், சரளை போட்டு இறுக்கினார்கள், அப்புறம்தான் மெக்னீசியம் குளோரைடு கரைசல் தெளித்தார்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பாதையை நனைவாக வைத்திருக்கும் உப்பு அது. கூடவே வண்டிகளின் வேகத்தையும் குறைத்தார்கள். வேலியோரப் புல்லைத் தடவினால் முன்பெல்லாம் விரல் சாம்பல் பூத்துவிடும், இப்போது அப்படியில்லை. ஒரே குறை, மழையில் உப்பு கரைந்து ஓரத்துக்கு வந்து பாதையை ஒட்டிய புல்லைக் கருக்கிவிட்டது. வடிகாலை மேய்ச்சல் பக்கம் திருப்பாமல் இருந்திருக்கலாம். காகித ஆலைக் கழிவிலிருந்து எடுக்கும் லிக்னோசல்ஃபோனேட் தெளிக்கலாமா என்று யாராவது கேட்டால், வறண்ட காலத்துக்குச் சரி, நல்ல மழை பெய்தால் அதுவும் கரைந்து போய்விடும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் புழுதி குறைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. நுரையீரல் வரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். அதில் சிலிகா இருந்தால் காலப்போக்கில் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். அளவுக் கருவி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன், வைத்திருந்தார்கள், பதிவேட்டையும் காட்டினார்கள். அதற்காகவே நாலு.

மண் விஷயம் வேறு கதை.

ஒப்படைத்த அன்று பார்த்தால் பச்சைப் பசேல்தான். வேகமாக முளைக்கும் புல் விதையும் யூரியாவும் போட்டால் எந்த மேட்டிலும் ஒரு பருவம் பச்சை தெரியும், அதை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தேன், ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை. சின்னக் குழி எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் அந்த ஆழத்தில் முட்டி, கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பாய் மாதிரி படர்ந்து கிடக்கிறது. நிரப்பிய கழிவுமண் மேல் கனரக வண்டிகள் ஓடி ஓடி அடிமண் பாறையாக இறுகிவிட்டது. இறுகிய மண்ணை ஆழமாகக் கிழித்து உடைக்கும் ரிப்பர் கொழுவை ஓட்டினோம் என்கிறார்கள். ஓட்டியது உண்மைதான், ஈரம் இருந்தபோது ஓட்டியிருக்கிறார்கள். ஈர மண்ணில் ரிப்பர் கத்தி போல் கீறிக்கொண்டு போகுமே தவிர கட்டியை உடைக்காது, காய்ந்திருக்கும்போது சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால்தான் உள்ளே பொலபொலவென்று நொறுங்கும்.

மேல்மண்ணையும் உயரமாகக் குவித்து வருஷக்கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். குவியலின் அடியில் காற்றில்லாமல் நுண்ணுயிரும் விதையும் செத்துப்போகும். எடுத்த மேல்மண்ணைச் சூட்டோடு சூடாக அடுத்த பகுதியில் பரப்புவதுதான் நல்ல முறை. கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியையும் விதைத்தது நல்ல யோசனை, ஆனால் மசால் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. முடிச்சு இருந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால்தான் அது தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். செத்த மண்ணில், இந்த முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரை விதையோடு கலக்காமல் விதைத்தால் இப்படித்தான் ஆகும். நிரப்பிய இடம் அங்கங்கே அமுங்கித் தண்ணீர் தேங்குகிறது, அது ஓரளவுக்கு எங்கேயும் நடப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

ஒப்படைத்த கையோடு மாட்டை விடலாம் என்று அவர்களின் மேற்பார்வையாளர் சொன்னார். விடவில்லை. மாடு கடிப்பது போலப் புல்லைப் பிடித்துச் சுண்டி இழுத்தால் இலை அறுந்து வர வேண்டும், வேரோடு கையில் வந்தால் இன்னும் நேரமாகவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் தீவனப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள், முக்கியமாகச் செம்பும் மாலிப்டினமும். சில வகைக் கழிவுமண்ணில் மாலிப்டினம் அதிகம். அதில் வளர்ந்த புல்லைத் தின்னும் மாட்டுக்குச் செம்புச் சத்து உடம்பில் ஒட்டாமல் கழிச்சல் வரும், முடி நிறம் வெளுக்கும். அதற்காகப் பரிசோதனை இல்லாமல் செம்பு கலந்த தாது உப்பை வைத்துவிடவும் கூடாது, செம்மறிக்கு அது கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. இந்த அறிக்கையை நான் கேட்ட பிறகுதான் மாதிரியே எடுத்தார்கள். ரிப்பரை மறுபடி ஓட்டித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மண் காய்ந்த பிறகு வரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.