நீச்சல் குளம் துடைக்கும் ரோபோ: இரண்டு மாதம் கழித்து

தரையில் படியும் மண்ணையும் இலையையும் நன்றாகவே அள்ளுகிறது. முதல் நாள் அதன் குப்பைக் கூடையைத் திறந்தால், போன வருஷம் மகள் தொலைத்த ஹேர் கிளிப்! படிக்கட்டு மூலை மட்டும் அதற்கு எட்டாது. அங்கே வழுவழுவென்று பாசி, பிரஷ்ஷை நான்தான் எடுக்க வேண்டும். கூடையை ஒவ்வொரு முறையும் கழுவியே ஆகவேண்டும். ஒருநாள் சோம்பல்பட்டு விட்டேன், அள்ளிய தூசியையே திரும்பக் கக்கியது.

அப்புறம், ரோபோ ஓடுகிறதே என்று தண்ணீரைச் சோதிக்காமல் இருந்துவிடாதீர்கள். பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 7.2 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். எனக்கு அது 8ஐத் தாண்டிவிட்டது. அதனால் குளோரின் போட்டும் தண்ணீர் கலங்கலாகவே கிடந்தது.

கேபிள் முறுக்கிக்கொள்வதுதான் பெரிய எரிச்சல். வாரம் ஒருமுறை வெயிலில் நீட்டிப் போடுகிறேன்.