ஆத்தங்குடி கல் பேரம்: ‘நோ’வா, ‘இஃப்’பா?

ஆத்தங்குடி கல், அதாவது கையால் வார்க்கும் சிமென்ட் தரை டைல், வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் மீட்டிங்கில் 10 சதவீதம் தள்ளுபடி கேட்கிறார். ‘நோ, நாட் பாசிபிள்’ என்றால் பேச்சு அங்கேயே முறியும். ‘இஃப் யூ ஆர்டர் 3000 ஸ்கொயர் ஃபீட், வீ குட் கம் டவுன் பை 4 பர்சென்ட்’ என்றால் பேரம் நகரும். நிபந்தனையை முதலில் சொல்லுங்கள். சதவீதம் முதலில் காதில் விழுந்தால் அதை மட்டும் பிடித்துக்கொள்வார். ‘வில்’ வேண்டாம், அது வாக்குக் கொடுத்த மாதிரி. ‘குட்’ என்றால் பின்வாங்க இடமிருக்கும்.

டெலிவரி தேதிக்கு மட்டும் மறுப்பே மேல். கண்ணாடிமேல் வார்த்த கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்தாக வேண்டும். அவசரப்படுத்தினால் வழியிலேயே உடையும். ‘ஐம் அஃப்ரெய்ட் வீ கான்ட் ஷிப் பிஃபோர் த ட்வென்டியத்’ என்று தேதியோடு முடியுங்கள். நம்மூர் மரியாதைக்கு ‘வீ வில் ட்ரை’ என்று இழுத்தால், மினிட்ஸில் (மீட்டிங் குறிப்பில்) அது சம்மதமாக ஏறிவிடும்.