"தானா ஏறிடும்"னு பில் போட்டாங்க, வந்தது பென்டிரைவ்: ராம்நாடு பக்கம் ஆபீஸ் நடத்துறவங்க கவனம்

மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை பக்கம் கம்பெனி வெச்சிருக்கவங்க யாராவது "எல்லா சிஸ்டத்துக்கும் சாப்ட்வேர ஆட்டோமேட்டிக்கா போட்டுத் தர்றோம்"னு வர்ற ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறீங்கன்னா இதப் படிச்சிட்டுக் குடுங்க. ஆள் பேரு, கடை பேரு சொல்லல, வக்கீல் வேணாம்னுட்டாரு.

நான் மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனில கணக்கு பாக்குறேன். ஆபீஸ், எடை போடுற இடம், பேக்கிங் ஹால், தொண்டியில ஒரு கிளைன்னு எல்லாம் சேத்து முப்பது சிஸ்டம் கிட்ட வரும். லேபிள் அடிக்கிற சாப்ட்வேர்ல சின்னதா ஒரு அப்டேட் வந்தாலும் ஒவ்வொண்ணா போய் உக்காந்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிக்கிட்டு இருக்கணும், ஹால்ல ஒரு சிஸ்டம் விட்டுப்போனாக் கூட பழைய பார்மட்ல லேபிள் அடிச்சுத் தள்ளிரும், எக்ஸ்போர்ட் சரக்குல பேட்ச் நம்பர் தப்பா போனா அப்புறம் யாரு பதில் சொல்றது. அதான் தடைக்காலத்துல (ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, எங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடைக்கும்) இந்த வேலைய முடிச்சுரலாம்னு முதலாளி டவுன்ல ஒரு ஆளப் புடிச்சாரு.

ஆளு பேச்சுல கில்லாடி. "அண்ணே, செர்வர்ல ஒரு எடத்துல போட்டா போதும், காலைல சிஸ்டத்த ஆன் பண்ணும்போதே தானா ஏறிடும், தொண்டிக்கும் சேத்துத்தான்." பில்லுல செர்வர், 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் (உள்ள லாகின் பண்ணி செட்டிங் மாத்துற நெட்வொர்க் சுவிட்ச்), எம்எஸ் ஆபீஸ் லைசென்ஸ், "சென்ட்ரல் டெப்லாய்மெண்ட் செட்டப்"னு வரிவரியா போட்டு ரெண்டே கால் லட்சம். கொஞ்சம் புது பிசியும் அவங்களே சப்ளை.

ஜூன்ல கடல் தொறந்துச்சு, லேபிள் சாப்ட்வேர் புது வெர்ஷன் வந்துச்சு, எந்த சிஸ்டத்துலயும் ஏறல. போன் பண்ணா "ரீஸ்டார்ட் பண்ணுங்க", அடுத்து "நைட்டு ஆஃப் பண்ணாம விடுங்க", அடுத்து "உங்க நெட் ஸ்லோ". கடைசில ஒரு தம்பி வந்தான், பாவம் சின்னப் பையன், பாக்கெட்ல இருந்து பென்டிரைவ எடுத்து ஒவ்வொரு சிஸ்டமா உக்காந்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்க ஆரம்பிச்சான். ஏம்ப்பா இதுதான் ஆட்டோமேட்டிக்கான்னு கேட்டா, "எனக்குத் தெரியாதுண்ணே, இப்படித்தான் போடச் சொன்னாங்க"ங்குறான். தொண்டிக்கு எனிடெஸ்க் (தூரத்துல இருந்தே சிஸ்டத்த இயக்குற சாப்ட்வேர்) வழியா உள்ள போயி அதே வேலை.

எங்க அக்கா மகன் மதுரைல ஒரு கம்பெனில நெட்வொர்க் பாக்குறான், லீவுக்கு வந்தவன ஒரு எட்டு வந்து பாருடான்னு கூப்புட்டேன். வந்தவன் புது பிசில வின்வெர்னு டைப் பண்ணான், எந்த விண்டோஸ்னு காட்டுற ஒரு பொட்டி வந்துச்சு, பாத்துட்டு சிரிச்சான். "மாமா, இது விண்டோஸ் ஹோம். இத டொமைன்லயே சேக்க முடியாது, இவன் எங்குட்டு குரூப் பாலிசி போட்டான்?" (டொமைன்னா எல்லா சிஸ்டத்தையும் ஒரே செர்வருக்குக் கீழ சேத்து வெக்கிற ஏற்பாடு, குரூப் பாலிசின்னா அங்க இருந்து எல்லா சிஸ்டத்துக்கும் சேத்துப் போடுற செட்டிங்.) அப்புறம் அந்த "செர்வர்"ல போயி பாத்தா அது சாதா விண்டோஸ் 10 ப்ரோ, பெரிய கேபினெட்ல போட்டு வெச்சிருக்காங்க. பிராப்பர்ட்டீஸ்ல டொமைன்னு இருக்க வேண்டிய எடத்துல வொர்க்குரூப்னு இருக்கு. அதாவது டொமைனே கெடையாது. கறுப்பு ஸ்க்ரீன்ல ஜிபிரிசல்ட்னு ஒரு கமாண்ட் குடுத்தான், உண்மையிலயே செட்டப் பண்ணிருந்தா எந்தெந்த பாலிசி வந்து எறங்கிருக்குன்னு பேரோட காட்டுமாம், எங்களுக்கு ஒண்ணுமே வரல.

அவன் சொன்னத எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். விண்டோஸ் செர்வர் வாங்கி டொமைன் போட்டு, ப்ரோ எடிஷன் சிஸ்டத்த எல்லாம் அதுல சேக்கணும். அதுக்கப்புறம் குரூப் பாலிசில பேக்கேஜ அசைன் பண்ணா, சிஸ்டம் பூட் ஆகும்போது லாகின் ஸ்க்ரீன் வர்றதுக்கு முன்னாடியே ஏறிடும். ஆனா அந்த வழில எம்எஸ்ஐங்குற வகை இன்ஸ்டால் பைலா இருந்தாத்தான் போகும், நாம வழக்கமா டபுள் கிளிக் பண்ற இஎக்ஸ்இ பைல் போகாது, அதுக்கு ஸ்க்ரிப்டோ வேற டூலோ வேணும். குரோம், லிப்ரேஆபீஸ் மாதிரி நெறய எம்எஸ்ஐயாவே கெடைக்குது. தொண்டி கதை வேற, லைன் வேகம் 500 கேபிபிஎஸ்க்குக் கீழ எறங்குனா குரூப் பாலிசி அத ஸ்லோ லிங்க்னு எடுத்துக்கிட்டு சாப்ட்வேர் இன்ஸ்டால செய்யாம விட்டுரும், செட்டிங்க மாத்தாத வரைக்கும் அப்படித்தான். "தொண்டிக்கும் சேத்துத்தான்"னு சொன்ன ஆளு இதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல, எங்க லைன் என்ன ஸ்பீடுன்னு கூட.

இதுக்கு மேல உள்ளதுதான் வயித்தெரிச்சல். "செர்வர்"ல ஒரு ஷேர் போல்டர், எல்லாருக்கும் புல் கன்ட்ரோல். உள்ள ஒரு பேட்ச் பைல் (கமாண்ட வரிசையா எழுதி வெச்ச பைல்), நோட்பேட்ல தொறந்தா அட்மின் பாஸ்வேர்டு அப்படியே எழுத்துல நிக்குது. கம்பெனி பேரு, பக்கத்துல 123. அதே பாஸ்வேர்டுதான் முப்பது சிஸ்டத்துக்கும். எல்லா ஐஸ்பெட்டிக்கும் ஒரே பூட்டப் போட்டு சாவிய ஏலக்கூடத்து வாசல்ல மாட்டி வெச்ச கதைதான். குரூப் பாலிசிக்குள்ள பாஸ்வேர்டு வெக்கிறதே ஆபத்துன்னு மைக்ரோசாப்ட் 2014 மே மாசமே அப்டேட் விட்டு அந்த வசதிய நிறுத்திருச்சாம், அதுலயாவது என்கிரிப்ட் பண்ணிருக்கும், அதத் தொறக்குற கீ வெளிய வந்துட்டதுதான் பிரச்சன. இவங்க அந்த அளவுக்குக் கூட மெனக்கெடல. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் வேற வேற பாஸ்வேர்டா தானா மாத்துற லேப்ஸ்னு ஒண்ணு 2023 ஏப்ரல் அப்டேட்ல இருந்து விண்டோஸ்லயே வருது, அதுக்கும் டொமைன் மாதிரி ஒண்ணு வேணும், நம்மகிட்டதான் அது இல்லையே.

ஆபீஸ் லைசென்ஸ் கதை கேளுங்க. பில்லுல காசு வாங்கிட்டு கள்ள கேஎம்எஸ் ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் வாங்காமலே ஆபீஸ ஓட வெக்கிற திருட்டு டூல்) போட்டிருக்காங்க. அத ஆன்டிவைரஸ் புடிச்சுரும்ல, அதுக்காக அந்த போல்டர ஸ்கேன் பண்ணாதன்னு எல்லா சிஸ்டத்துலயும் விலக்கு குடுத்து வெச்சிருக்கான். அந்த போல்டருக்குள்ள நாளைக்கு வேற எது வந்து உக்காந்தாலும் சத்தமே வராது. நெஜ லைசென்ஸ்னா கம்பெனி பேர்ல ஆர்டர் விவரமோ அக்கவுண்டோ இருக்கணும், எங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல.

மேனேஜ்டு சுவிட்சும் அப்படித்தான், லாகின் பண்ண ஒரு பேஜும் இல்ல, கன்சோல் போர்ட்டும் இல்ல, சாதா சுவிட்ச். அத கொண்டு போயி பேக்கிங் ஹால் சுவத்துல மூடி இல்லாத ராக்ல மாட்டிருக்காங்க. உப்புக்காத்து, ஈரம். மருமகன் கேபிள உருவிக் காட்டுனான், பின்னுல பச்சையா களிம்பு ஏறிக் கெடக்கு. இந்தக் கரைல தொழில் பண்றவனுக்கு இது தெரியாதுன்னு சொன்னா நம்ப முடியுமா?

கடைக்குப் போயி கேட்டோம். மொதல்ல "உங்க மருமகனுக்கு என்ன தெரியும்"னாரு. வின்வெர் ஸ்க்ரீன்ஷாட்ட காட்டுனதும் பேச்சு மாறி "ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) போடுங்க, ப்ரோவுக்கு மாத்தித் தர்றோம்"னாரு, அதுக்குத் தனி காசு. சிசிடிவி, ரௌட்டர் பாஸ்வேர்டு எல்லாம் அவர் கைல, ஏஎம்சி போட்டாத்தான் தருவாராம். கன்ஸ்யூமர் கோர்ட் போலாமான்னு வக்கீல்ட கேட்டா, 2019 சட்டத்துல வணிக நோக்கத்துக்கு வாங்குனத தள்ளி வெச்சிருக்காங்க, கம்பெனிக்கு அங்க கஷ்டம், நோட்டீஸ் விட்டு சிவில்ல பாக்கலாம்னாரு.

இப்ப ரௌட்டர ரீசெட் பண்ணி பாஸ்வேர்டு எல்லாம் மாத்தியாச்சு, எனிடெஸ்க எல்லா சிஸ்டத்துலயும் எடுத்தாச்சு, ஆக்டிவேட்டர் இருந்ததெல்லாம் பார்மட். புதுசா வர்ற ஆளுகிட்ட நாங்க கேட்டது ஒண்ணுதான்: ரெண்டு சிஸ்டத்த மட்டும் டொமைன்ல சேத்து, எங்க கண்ணு முன்னாடி ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு சாப்ட்வேர் தானா ஏறுறதக் காட்டுங்க, அப்புறம் அட்வான்ஸ். ஒருத்தர் இதக் கேட்டதும் போன வெச்சுட்டாரு. இன்னொருத்தர் அடுத்த வாரம் வர்றேன்னுருக்காரு.

பழைய ஆளு பாக்கி நாப்பதாயிரம் கேட்டு இன்னும் வாட்ஸப்ல மெசேஜ் போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. முதலாளி அத எடுத்து நோட்டீஸோட சேத்து வெக்கச் சொல்லிருக்காரு.