தொகுதி எல்லை: பென்சில் யாரிடம், ரப்பர் யாரிடம்?

25 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சிவப்புக் கட்சிக்கு 15 பேர், நீலத்துக்கு 10 பேர். தொகுதிக்கு மூன்று சிவப்பு, இரண்டு நீலம் என்று பிரித்தால் ஐந்தும் சிவப்புக்கே. அதே ஆட்களில் சிவப்புக்காரர்கள் ஒன்பது பேரை இரண்டே தொகுதிக்குள் அடைத்துவிட்டால், மிச்ச மூன்றிலும் நீலம் 3-2 என்று ஜெயித்துவிடும். ஒருவர்கூட ஓட்டை மாற்றிப் போடவில்லை, கோடுதான் மாறியது.

அந்த எல்லைக்கோட்டைச் சட்டமன்றமே போடுவது ஒரு வழி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் இதுதான். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர் என்ற பிராணி போல வளைந்து கிடந்தது. 'ஜெரிமாண்டரிங்' என்ற சொல் அப்படித்தான் வந்தது. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைந்த வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே கைகழுவிவிட்டது. ஊரை அறிந்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள்தானே என்பார்கள். அறிந்திருப்பதுதான் சிக்கலே: எந்தத் தெரு யாருக்குப் போடும் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஆணையம். இந்தியாவில் 1952, 1962, 1972, 2002 சட்டங்களின்படி மறுவரையறை ஆணையங்கள் அமைந்தன. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம், ஓட்டு கிடையாது. ஆணை வெளியானால் அதுவே சட்டம். நாடாளுமன்றம் கைவைக்க முடியாது. அரசியலமைப்பின் 329-வது பிரிவு நீதிமன்றக் கதவையும் ஏறக்குறைய சாத்திவிடுகிறது. தப்பாக வரைந்தால் அடுத்த மறுவரையறைவரை அதோடுதான் குடித்தனம்.

கலிஃபோர்னியா ஆணையத்தில் 14 பேர்: இரு பெரிய கட்சிகளிலிருந்தும் தலா ஐவர், எதிலும் சேராதவர் நால்வர். காகிதத்தில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. ஆனால் 2025-இல் டெக்சாஸ் தன் நாடாளுமன்றத் தொகுதிகளைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக நடுவிலேயே திருத்தியதும், பதிலடியாக கலிஃபோர்னியா வாக்கெடுப்பு நடத்தி அத்தொகுதிகளுக்கான ஆணைய வரைபடத்தைத் தற்காலிகமாக ஓரங்கட்டியது. பென்சிலைப் பிடுங்கினால் போதாது, ரப்பரும் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் மனதுக்குப் பிடித்தது அமெரிக்க மாநிலமான ஐயோவா. சட்டமன்றத்தின் கட்சி சாராத ஊழியர்கள் வரைகிறார்கள். முந்தைய தேர்தல் முடிவு, வாக்காளர்கள் தங்கள் கட்சி எது என்று பதிந்த விவரம், பதவியில் இருப்பவரின் வீட்டு முகவரி — எதையும் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு வரைவுகளையும் சட்டமன்றம் அப்படியே ஏற்கலாம், இல்லை நிராகரிக்கலாம். மூன்றாவதில்தான் திருத்தம் செய்யலாம். 2021-இல் முதல் வரைவு தள்ளப்பட்டது, இரண்டாவது நிறைவேறியது. அங்கே ரப்பர் அரசியல்வாதியிடமே இருக்கிறது, ஆனாலும் வேலை நடக்கிறது. நாடாளுமன்றத் தொகுதிக்காகக் கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளை) உடைக்கக் கூடாது என்ற விதியும் கைவரிசைக்கு இடத்தைக் குறைக்கிறது. நெரிசலான மாநகரத்தில் இது எடுபடுமா என்பது வேறு கதை.

கணினியிடம் விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. சொன்னதைச் செய்யும் யந்திரம் அது. தில்லுமுல்லு வரைபடத்தையும் நொடியில் வரைந்து தரும். ஆயிரக்கணக்கில் மாற்று வரைபடங்களைப் போட்டுக் காட்டி, எது விபரீதமானது என்று நிரூபிக்க மட்டும் அருமையான சாட்சி.

கோடே வேண்டாம் என்றால் நெதர்லாந்து இருக்கிறது: கீழவையின் 150 இடங்களும் நாடு தழுவிய ஓட்டு விகிதப்படி பங்காகின்றன. வளைத்து வரைந்து ஏமாற்ற எல்லைக்கோடே இல்லை. ஆனால் குறை சொல்லப் போனால், "எங்க தொகுதி எம்.பி." என்று கைகாட்ட ஆளும் இல்லை.