டிஸ்னி ஸ்பிரிங்ஸ்: சாப்பிட்டாச்சு, அப்புறம்?

"ஆர்லாண்டோவில் ஆறு நாள் இருக்கிறோம், டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கலாமா?" விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். அது டிஸ்னி வேர்ல்டின் கடைத்தெரு, நுழைவுக் கட்டணம் இல்லை, கடையும் உணவகமுமாக நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன என்பதெல்லாம் கேட்பவருக்கே தெரியும். இரவு ஒன்பதரைக்கு மேல் அங்கே என்ன இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். அந்த இடத்திலேயே மிக நேர்த்தியாகச் செய்யப்பட்டிருப்பது கார் பார்க்கிங். கிண்டலில்லை. ஆரஞ்ச், லைம், கிரேப்ஃபுரூட் என்று மூன்று அடுக்குமாடி கராஜ்கள், மூன்றும் இலவசம். ஒவ்வொரு கார் இடத்துக்கும் மேலே ஒரு விளக்கு: பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது. எந்த மாடியில் எத்தனை இடம் மிச்சம் என்பதைப் பலகையே காட்டிவிடுவதால் வரிசை வரிசையாகச் சுற்ற வேண்டியதில்லை. ஏஎம்சி தியேட்டர், வெஸ்ட் சைடு பகுதிக்குப் போகிறவர்களுக்கு ஆரஞ்ச் வசதி. டவுன் சென்டர் பகுதிக்கு லைம். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டும் நிரம்பி வழியும். அப்போது யோசிக்காமல் கிரேப்ஃபுரூட்டில் விட்டுவிட்டு, பியூனா விஸ்டா டிரைவுக்கு மேலே போகும் நடைபாலத்தில் வந்துவிடலாம். கராஜ் பெயர், மாடி எண், வரிசை மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் நம்பர் பிளேட்டையும் சேர்த்து.

இனி எரிச்சலுக்கு வருவோம். சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள், மணி ஒன்பதரை, பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்? துணிக்கடைகள்தான்: ஸாரா இருக்கிறது, யூனிக்லோ இருக்கிறது. எந்த ஊர் மாலிலும் இருக்கிற அதே ஸாரா, அதே யூனிக்லோ.

இந்த இடம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1975 மார்ச்சில் லேக் பியூனா விஸ்டா ஷாப்பிங் வில்லேஜ் என்ற பெயரில், ஏரிக்கரையில் சின்னச் சின்னக் கடைகளாகத் தொடங்கியது. ஆர்லாண்டோ நகரத்துக்குள் சர்ச் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் என்ற கேளிக்கை வளாகம் இரவுக் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அதற்குப் போட்டியாக 1989 மே 1 அன்று இங்கே பிளெஷர் ஐலண்ட் என்ற இரவு கிளப் தீவைத் திறந்தார்கள். ஒரே டிக்கெட்டில் எல்லா கிளப்புக்கும் போகலாம். ஒவ்வொரு இரவும் புத்தாண்டு இரவுதான்: கவுண்ட்டவுன், வாணவேடிக்கை, காகிதப்பூ மழை. வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து புத்தாண்டு! அசட்டுத்தனம்தான், ஆனால் கூட்டம் அலைமோதியது.

அந்த கிளப்களில் அட்வெஞ்சரர்ஸ் கிளப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1937-ஆம் வருடத்துக் கடைசி இரவு என்பது அதன் கற்பனை. உள்ளே நுழைந்தால் பழைய சாகசப் பயணிகளின் சங்கம் மாதிரி: சுவர் முழுக்க முகமூடிகள், அவற்றில் சில திடீரென்று பேசும். பாரில் சில ஸ்டூல்கள், உட்கார்ந்திருப்பவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, மெல்லக் கீழே இறங்கும். அவர் கவனிப்பதற்குள் மோவாய் மேசை விளிம்புக்கு வந்திருக்கும். நடிகர்கள் கூட்டத்துக்குள்ளேயே கலந்து நின்று நம்மிடமே வம்பு வளர்ப்பார்கள். யாரைப் பார்த்தாலும் "குங்கலூஷ்!" என்று வரவேற்க வேண்டும். டிஸ்னி செய்ததிலேயே பெரியவர்களுக்கான மிக நல்ல காரியம் இதுதான் என்று சொன்னால் பழைய ரசிகர்கள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இறக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. 2004-ல் தீவின் தெருக்களை டிக்கெட் இல்லாமல் நடக்கத் திறந்துவிட்டார்கள். கிளப் வாசலில் மட்டும் கட்டணம். தெருவில் நடப்பவர் கூடினார், உள்ளே வருபவர் குறைந்தார். 2005 முடிவோடு தினசரிப் புத்தாண்டும் போயிற்று. 2008 செப்டம்பர் 27 இரவு மிச்சமிருந்த ஆறு கிளப்களும் மூடப்பட்டன. அடுத்து என்ன என்று முடிவு செய்யாமலே மூடியதுதான் ஆத்திரம். 2010-ல் ஹைபீரியன் வார்ஃப் என்று ஒரு திட்டத்தை அறிவித்து, அதையும் கைவிட்டார்கள். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் திட்டம் வந்தது 2013-ல். இடத்தின் பெயரே டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்று மாறியது 2015 செப்டம்பரில். நடுவில் பல வருடம் பூட்டிய கட்டடங்களைத் தாண்டித்தான் எல்லோரும் நடந்துகொண்டிருந்தோம். சுழலும் நடனத் தளம் இருந்த மேனிக்வின்ஸ் கட்டடத்தில் இப்போது மொரிமோட்டோ ஏஷியா உணவகம் நடக்கிறது. உணவு அருமை. தளம் சுழலாது.

வெஸ்ட் சைடு கதையும் இதேதான். ஐந்து மாடி விளையாட்டுக்கூடம் டிஸ்னிக்வெஸ்ட், 1998-ல் வந்தது. பிறகு அதைப் புதுப்பிக்காமல் விட்டே பழசாக்கி 2017-ல் மூடி இடித்தார்கள். அங்கே 2019 ஆகஸ்டில் வந்த என்பிஏ எக்ஸ்பீரியன்ஸ் என்ற கூடைப்பந்துக் கூடம் ஏழே மாதம் ஓடி, கொரோனாவில் நின்று, 2021-ல் நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. கூடைப்பந்து எறிய ஆளுக்கு 34 டாலர் கேட்டால் வேறென்ன ஆகும்? சர்க் டு சொலே சர்க்கஸ் மட்டும் தப்பியது. அதன் லா நூபா நிகழ்ச்சி 2017 கடைசி நாளில் முடிந்தது. அடுத்த நிகழ்ச்சியான டிரான் டு லைஃப் 2021 நவம்பரில்தான் மேடையேறியது. அதுவும் தனி டிக்கெட், திடீரென்று நினைத்துக்கொண்டு போகிற விலையில் இல்லை.

ஏன் இப்படி என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கிளப் என்றால் நடிகர், பாடகர், ஒலி ஒளி ஆட்கள் என்று இரவுதோறும் சம்பளம். கடை என்றால் வாடகை வந்துகொண்டே இருக்கும். நஷ்டம் வந்தால் கடைக்காரர் பாடு. கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரை அனுப்பிவிட்டுப் பந்தியை மட்டும் இன்னும் நாலு வரிசை நீட்டியது போலத்தான் இருக்கிறது.

பந்தி நன்றாக இருக்கிறது, மறுக்க முடியாது. கிடியன்ஸ் பேக்ஹவுஸின் ஒரு குக்கீ ஏறக்குறைய அரை பவுண்டு. ஒன்றை நான்கு பேர் பிய்த்துக்கொள்ளலாம். வரிசை பெரிதாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். நடைபாதைகள் அகலமாகிவிட்டன, நிழல் கூடியிருக்கிறது, கழிவறைகள் சுத்தம். பழைய பிளெஷர் ஐலண்டின் மேடு பள்ளத்தில் ஸ்ட்ரோலர் தள்ளியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரவு என்று ஒன்று மிச்சமிருப்பது ராக்லன் ரோடில். 2005-ல் பழைய ஜாஸ் கிளப் இருந்த கட்டடத்தில் வந்த ஐரிஷ் பப். நேரடி வாத்தியக் குழு, நடு மேடையில் ஐரிஷ் நடனம், குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். சாப்பாட்டு மேசைக்கு 60 நாள் முன்பே பதிவு செய்யலாம். கிடைக்காவிட்டால் பார் பக்கம் நின்றும் பார்க்கலாம்.

இங்கிருந்து தீம் பார்க்குகளுக்கு நேரடி பஸ் கிடையாது. இலவசமாகக் காரை இங்கே போட்டுவிட்டு பார்க்குக்குப் போகும் சாமர்த்தியத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அவசியம் போக வேண்டுமானால், டிஸ்னி ஓட்டலில் தங்கியிருப்பவர்கள் அந்த ஓட்டல் பஸ்ஸில் ஏறி இறங்கி, அங்கிருந்து பார்க் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது போய்விடும். போர்ட் ஆர்லியன்ஸிலோ ஓல்டு கீ வெஸ்டிலோ தங்கியிருந்தால் பஸ்ஸை மறந்துவிட்டுப் படகில் வாருங்கள், காசில்லை. கோடைக்காலப் பிற்பகலில் மின்னல் வெட்டினால் படகை நிறுத்திவிடுவார்கள்.

எனவே கேட்டவருக்குப் பதில்: ஒதுக்காதீர்கள். இத்தனை பாராட்டியும் அதுதான் பதில். விமானம் வந்து இறங்கும் நாளில், பார்க் டிக்கெட் வீணாகாத அந்த அரை நாளில், ராக்லன் ரோடில் மேசை கிடைத்தால் மட்டும் போங்கள். காரை லைமில் நிறுத்துங்கள்.