பிராண்டைஸா, யூமாஸா? கட்டணமும் மேஜரும்

மாசசூசெட்ஸில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளியின் கடைசி ஆண்டு ஏப்ரல் வந்துவிட்டால் பேச்சு ஒன்றுதான்: மே 1-க்குள் எந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்டுவது? எங்கள் வீட்டில் இறுதியில் நின்றவை இரண்டு. ஒன்று வால்தமில் உள்ள பிராண்டைஸ் என்ற தனியார் பல்கலைக்கழகம். மற்றொன்று ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம், அதாவது எல்லோரும் யூமாஸ் என்று சொல்வது. மகள் 2025 இலையுதிர் பருவத்தில் பிராண்டைஸில் சேர்ந்தாள். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன், ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. யூமாஸைப் பற்றி நான் சொல்வதில் பாதி, அங்கே படித்து முடித்த என் அண்ணன் மகனிடம் கேட்டு அறிந்தது.

பிராண்டைஸ் என்றதும் உறவினர்கள் எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான்: "அது யூதர்களின் கல்லூரி ஆயிற்றே, நம் பெண்ணுக்கு ஒத்துவருமா?" நியாயமான கேள்வி. அமெரிக்காவில் யூதக் கல்லூரிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வளாகம். பொதுப் பாடங்களோடு தோரா என்ற யூத மறைநூல் படிப்பும் நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அதே நகரில் யூத இறையியல் கல்லூரியின் லிஸ்ட் கல்லூரியில் சேருபவர்கள் கொலம்பியா அல்லது பார்னார்டுடன் இணைந்து இரண்டு இளங்கலைப் பட்டங்கள் பெறலாம், ஆனால் அவற்றில் ஒன்று யூதவியல். அந்தப் படிப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு இவை அருமையான இடங்கள். எங்களுக்கு அவை பொருந்தாது.

பிராண்டைஸ் வேறு வகை. ஹார்வர்ட் போன்ற பெரிய கல்லூரிகள் யூத மாணவர்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்ததற்குப் பதிலடியாக, 1948-ல் யூத சமூகத்தின் பணத்தில், எல்லோருக்கும் திறந்த கதவோடு தொடங்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸின் பெயரைத் தாங்கியது. வளாகத்தில் யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் ஆகியோருக்கு மூன்று வழிபாட்டுக் கூடங்கள் உண்டு. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி அவற்றை அமைத்திருக்கிறார்கள். யூதப் புத்தாண்டுக்கும் யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளுக்கும் வகுப்பு இல்லை. உணவுக்கூடத்தில் கோஷர், அதாவது யூத மத உணவு விதிப்படி சமைக்கும் பிரிவு இருக்கிறது. அந்த விதிப்படி இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேராது என்பதால், சைவம் சாப்பிடும் மகளுக்குச் சமையலறை பற்றிய கவலை குறைந்தது. (பால் உணவோடு மீனும் முட்டையும் வரலாம், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில், பாகுபாட்டுக்கு எதிரான தன் விதிகளில் சாதியையும் சேர்த்தது பிராண்டைஸ். அமெரிக்கக் கல்லூரிகளில் அதைச் செய்த முதல் கல்லூரி அதுதான். ஒதுக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய ஒரு நிறுவனம், நம் ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஒரு கொடுமையையும் கண்டு பெயர் சொல்லித் தடுத்தது. எனக்கு இது சிறிய செய்தி இல்லை. "நமக்கு ஒத்துவருமா" என்று கேட்டவர்களுக்கு நான் முதலில் சொன்ன பதிலும் இதுவே.

விண்ணப்ப விவகாரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுக்கும் காமன் அப்ளிகேஷன் என்ற பொது விண்ணப்பம்தான், இரண்டிலும் எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை. முக்கியமான வித்தியாசம் ஒன்று: பிராண்டைஸில் எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்ப வழியாகப் போனால், இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டும். யூமாஸில் இருப்பது எர்லி ஆக்‌ஷன், அது யாரையும் கட்டுப்படுத்தாது. உதவித்தொகைக் கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்பும் குடும்பம் எர்லி டிசிஷன் பக்கம் போகவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது பணம். மாநிலவாசிக்கு யூமாஸில் கல்விக் கட்டணம் சுமார் 18,000 டாலர், விடுதியும் உணவும் சேர்ந்தால் சுமார் 35,000. பிராண்டைஸின் முழு விலை 90,000 டாலரைத் தொடுகிறது. இந்த இரண்டு எண்களையும் பார்த்த உடனேயே பல பெற்றோர்கள் கோப்பை மூடிவிடுகிறார்கள். 2025-ல் சேர்ந்தவர்கள் முதல் பிராண்டைஸ் ஒரு புதிய உறுதியைத் தந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 75,000 டாலருக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் உதவியாகவே வந்துவிடும். 2,00,000 வரை வருமானமும் அதற்கேற்ற வழக்கமான சொத்தும் உள்ள குடும்பத்துக்குப் பாதிக் கட்டணம் குறையும். எங்களைப் போல இரண்டாவது வகையில் வருபவர்களுக்கு விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 55,000 ஆகும். யூமாஸைவிட 20,000 அதிகம், நான்கு ஆண்டில் 80,000. இது சிறு தொகை இல்லை.

உதவித்தொகை சதவீதக் கணக்கிலா, நிலையான தொகையிலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு, கட்டணம் 70,000 என்றும் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டில் அது 78,740 ஆகிவிடும். உதவி 35,000 என்று அப்படியே நின்றுவிட்டால், உங்கள் கையிலிருந்து போவது 43,740. யூமாஸில் அதே 4 சதவீதம் முதல் முறை ஏறும்போது கூடுவது 720 டாலர்தான். மேலும், பிராண்டைஸ் ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவிப் படிவத்தோடு, சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இன்னும் விரிவான படிவத்தையும் கேட்கிறது. ஃபாஃப்சாவில் வராத சொந்த வீட்டின் மதிப்பு அதில் வரும். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் கிடைத்துவந்த சலுகை 2024-25 முதல் ஃபாஃப்சா கணக்கில் இல்லை. சி.எஸ்.எஸ். கேட்கும் கல்லூரிகள் அதை இன்னும் கருத்தில் கொள்ள இடமுண்டு. இளைய பிள்ளை உள்ளவர்கள் இதைக் கேட்காமல் விடாதீர்கள். ஃபாஃப்சா பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான் என்பதால், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு முழுவதுமே மாறிவிடும்.

மாநிலம் தரும் ஆடம்ஸ் ஸ்காலர்ஷிப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளியில் எம்காஸ் என்ற மாநிலத் தேர்வில் நன்றாக எழுதிய பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் வரும்போது, கல்விக் கட்டணமே தள்ளுபடி ஆகிவிட்டது என்று வீடு மகிழ்ந்து போகும். ஆனால் யூமாஸின் 18,000-ல் அது குறைப்பது ஆண்டுக்கு 1,714 டாலர்தான்.

இவ்வளவு பார்த்த பிறகும் 20,000 அதிகம் கொடுத்து ஏன் பிராண்டைஸ்? என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: பிள்ளை மனம் மாறினால் என்ன ஆகும்?

நம் குடும்பங்களில் பதினேழு வயதுப் பிள்ளையிடம் "என்ன படிக்கப் போகிறாய்" என்று கேட்டு, அது சொல்லும் பதிலைக் கல்வெட்டில் வெட்டிவிடுகிறோம். யூமாஸ் விண்ணப்பத்திலும் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, அல்லது முடிவெடுக்காதவர்களுக்கான ஒரு துறைப் பாதையைக் குறிப்பிட்டாக வேண்டும். சேர்க்கையும் அந்த மேஜரை வைத்தே நடக்கிறது. உயிரியலிலிருந்து உளவியலுக்குப் போவதில் சிரமமில்லை. கணினி அறிவியல், பொறியியல், நர்சிங், வணிகம் ஆகிய நான்கு பக்கம் திரும்புவதுதான் கடினம். தனியாக விண்ணப்பிக்க வேண்டும், குறிப்பிட்ட பாடங்களில் மதிப்பெண் காட்ட வேண்டும், இடமும் இருக்க வேண்டும். யூமாஸ் மேல் இதில் குறை சொல்ல முடியாது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இளங்கலை மாணவர்கள் உள்ள இடத்தில், எல்லோரும் ஒரே துறையை நோக்கி ஓடினால் வாசலில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

பிராண்டைஸில் சேரும்போது மேஜர் முடிவாக வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அறிவித்தால் போதும். நரம்பியலோடு வரலாறு, பொருளியலோடு இசை என்று இரட்டை மேஜர் எடுப்பது அங்கே சர்வ சாதாரணம். என் மகள் உயிரியல் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். முதல் பருவத்தில் நிரலாக்க வகுப்பு ஒன்றை எடுத்தவள், இப்போது நரம்பியலும் கணினி அறிவியலும் சேர்த்துப் படிக்க நினைக்கிறாள். அதற்கு அவள் எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, ஆலோசகரைப் பார்த்துப் பாடங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டால் போதும். யூமாஸில் இது, உயிரியலிலிருந்து கணினிக்குப் போகும் அந்தக் கடினமான திசையாக இருந்திருக்கும்.

இதைப் பணக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மேஜர் மாற்றம் தள்ளிப்போய் ஒரு பருவம் கூடினால் யூமாஸில் 17,000 டாலருக்கு மேல் செலவு, ஓராண்டு என்றால் 35,000. 80,000 வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி அங்கேயே கரைந்துவிடும். ஓராண்டு தாமதமாக வேலைக்குப் போவதால் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்தால் மீதியும் பெரும்பாலும் சமனாகிவிடும். மாறாக, பிள்ளை ஒரே மேஜரில் உறுதியாக நின்று நான்கே ஆண்டில் முடித்தால், அந்த 80,000-ஐ யூமாஸ் உங்களுக்கு மிச்சப்படுத்தியிருக்கும். ஆகவே பெற்றோர் தங்கள் பிள்ளையின் உறுதியைத்தான் எடைபோட வேண்டும். என் மகளின் ஆர்வம் எத்தனை பக்கம் பாயும் என்று எனக்குத் தெரியும்.

படிப்பின் தரத்தில், உயிர் அறிவியலுக்குப் பிராண்டைஸை மிஞ்ச இந்த அளவுள்ள கல்லூரி எளிதில் கிடைக்காது. உடலின் உள்கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக 2017-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் இருவரும் அந்த ஆய்வைப் பிராண்டைஸில் செய்தவர்கள். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 2023-ல் நோபல் பெற்ற ட்ரூ வைஸ்மன் அங்கே படித்தவர். இளங்கலை மாணவர்கள் சுமார் 3,600 பேர்தான் என்பதால், ஆய்வகத்தில் இடம் கேட்டுப் பேராசிரியரின் கதவைத் தட்டுவது இயல்பான காரியம். யூமாஸில் முதலாண்டு வேதியியல், உயிரியல் வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோர் அமர்வார்கள். ஆனால் அங்கே சிறந்த மாணவர்களுக்கென உள்ள ஆனர்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்தால் நிலைமை வேறு என்று அண்ணன் மகன் சொல்கிறான். அருகில் உள்ள ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் கல்லூரிகளிலும் யூமாஸ் மாணவர்கள் பாடம் படிக்கலாம், அது பெரிய வசதி. சாப்பாட்டில் யூமாஸை யாரும் தொட முடியாது, நாட்டின் முதலிடம் பல ஆண்டுகள் அவர்களிடம் இருந்தது. போக்குவரத்தில் பிராண்டைஸ் முந்துகிறது. வளாக வாசலிலேயே பாஸ்டனுக்கு ரயில். ஆம்ஹெர்ஸ்டிலிருந்து பஸ்தான்.

பிராண்டைஸ் பக்கம் கவலை இல்லாமல் இல்லை. 2024-ல் பட்ஜெட்டில் துண்டு விழுந்து ஊழியர்களைக் குறைத்தார்கள். பேராசிரியர்களின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குப் பின் தலைவர் ரான் லீபோவிட்ஸ் பதவி விலகினார். அங்கேயே படித்த ஆர்தர் லெவின் பொறுப்பேற்றார். சிறு தனியார் கல்லூரிகளுக்கு இது நெருக்கடிக் காலம். மகள் பட்டம் வாங்கும் வரை பாடங்கள் எதுவும் வெட்டுப்படாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஓராண்டு அனுபவத்தை வைத்து வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசவும் எனக்குத் தகுதியில்லை.

நர்சிங் படிக்க விரும்பும் பிள்ளைக்கு யூமாஸ்தான், பிராண்டைஸில் அந்தப் படிப்பே இல்லை. இயந்திரப் பொறியியல், சிவில் போன்றவற்றுக்கும் அதே பதில். யூமாஸின் கணினி அறிவியலில் முதலாண்டிலேயே நேரடி இடம் கிடைத்த பிள்ளை, அதிலேயே நிலைத்து நிற்கும் பிள்ளை என்றால், நானே யூமாஸுக்குப் போகச் சொல்வேன். மற்றவர்கள் பிராண்டைஸ் கடிதத்தில் வந்த முதல் தொகையோடு நின்றுவிடாதீர்கள். வேலை இழப்பு, மருத்துவச் செலவு, ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் எதுவானாலும் ஆவணத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள், அதையும் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் செய்துவிடுங்கள், பதில் மே 1-க்கு முன் வர வேண்டும்.